கண் பார்த்தும் தெரியாமல் போவது ஏன்? கவனம், ஆசை, பார்வை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் முப்பது வருஷத்துக்கும் மேலாக உயிரியல் நடத்தினேன். ஓய்வு பெற்ற பிறகு அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, நாங்குநேரி பக்கத்துப் பள்ளிக்கூடங்களிலும் ஊர் நூலகங்களிலும் மூளையைப் பற்றிப் பேசி வருகிறேன். பேச்சு முடிந்ததும் வரும் கேள்விகளில் பாதி ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் இருக்கும். கண்ணுக்கு நேரே இருப்பது ஏன் தெரியாமல் போகிறது? ஆசைப்பட்டது மட்டும் எவ்வளவு கூட்டத்திலும் எப்படித் தெரிகிறது? என் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்த வருஷம் இதே கேள்வி எங்கள் வீட்டுச் சாப்பாட்டு இலைக்கே வந்துவிட்டது. அதைப் பின்னால் சொல்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே கூடுமானவரை போட்டிருக்கிறேன்.

பார்க்கிறது கண்ணா, மூளையா?

இரண்டும் சேர்ந்துதான். ஆனால் பங்கு சமம் இல்லை. ஒரு கண்ணின் விழித்திரையில் ஒளியை உணரும் செல்கள் சுமார் 10 கோடி இருக்கின்றன. அங்கிருந்து மூளைக்குப் போகும் பார்வை நரம்பில் இழைகள் சுமார் 10 லட்சம்தான். அதாவது செய்தி கண்ணை விட்டுக் கிளம்பும்போதே வடிகட்டிச் சுருக்கப்பட்டுவிடுகிறது.

இன்னொன்றையும் செய்து பாருங்கள். கையை முன்னால் நீட்டிக் கட்டைவிரலை நிமிர்த்துங்கள். அந்த நகம் மறைக்கும் அளவு இடம்தான் ஒரு நேரத்தில் நமக்குத் துல்லியமாகத் தெரிகிறது. சுற்றியுள்ள மற்ற எல்லாம் மங்கல்தான். ஆனித் தேரோட்டத்தன்று டவுன் ரத வீதியில் நின்றால் தேர், வடம், கூட்டம், மாடியில் நிற்கும் ஆட்கள் எல்லாமே ஒரே சமயத்தில் தெளிவாகத் தெரிவதுபோல இருக்கும். உண்மையில் கண் விநாடிக்குச் சுமார் மூன்று முறை தாவித் தாவி, நகம் நகமாக அள்ளி வருகிறது. அதை ஒரு முழுக் காட்சியாக்கிக் கொடுப்பது மூளை.

சரி, கண் எங்கே தாவ வேண்டும் என்று யார் சொல்வது? இங்கேதான் கவனமும் ஆசையும் வருகின்றன. கண்ணிலிருந்து கிளம்பும் செய்தி மூளையின் நடுவில் உள்ள தலாமஸ் என்ற இடத்தில் ஒருமுறை நின்று, பிறகு பின்மண்டையில் உள்ள பார்வைப் புறணிக்கு, அதாவது பார்வையைக் கையாளும் மூளையின் மேற்பரப்புப் பகுதிக்கு, போகிறது. தலாமஸில் உள்ள அந்த நிலையத்துக்கு வரும் நரம்பு இணைப்புகளை எண்ணிப் பார்த்தால், கண்ணிலிருந்து வருபவை சுமார் பத்தில் ஒரு பங்குதான் தேறும். மிச்சத்தில் பெரும் பங்கு மூளைக்குள்ளிருந்தே வருகிறது. வெளியிலிருந்து வரும் செய்தியைவிட உள்ளிருந்து போகும் உத்தரவு அதிகம். முதல்முறை இதைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

கவனிக்கிறோம் என்றால் மூளைக்குள் என்ன நடக்கிறது?

கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் வயல் வைத்திருப்பவர்களுக்கு இதைச் சொல்வது எளிது. வாய்க்காலில் வரும் தண்ணீர் ஓர் அளவுதான். இந்த வயலின் மடையைத் திறந்தால் அடுத்த வயலுக்குப் போவது குறையும். கவனமும் அப்படித்தான். ஒரு பொருளுக்கு மடையைத் திறக்கும்போதே பக்கத்துப் பொருளுக்கு அடைத்துவிடுகிறது.

1985-ல் ஜெஃப்ரி மோரன், ராபர்ட் டெசிமோன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் இதை ஒரு தனி நரம்பணுவிலேயே பிடித்தார்கள். பார்வைப் பாதையில் வி4 என்று ஒரு பகுதி உண்டு. அங்குள்ள ஒவ்வொரு நரம்பணுவும் காட்சியின் ஒரு குறிப்பிட்ட பரப்பை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கும், அதற்கென்று பிடித்த நிறமும் இருக்கும். குரங்கு ஒன்றின் வி4 நரம்பணுவின் பரப்புக்குள் இரண்டு பட்டைகளைக் காட்டினார்கள். ஒன்று அந்த அணுவுக்குப் பிடித்தது, மற்றது பிடிக்காதது. அணுவுக்குப் பிடித்த பட்டையைக் குரங்கு கவனித்தபோது அணு பலமாகத் துடித்தது, அதாவது மின்குறிப்புகளை வேகமாக அனுப்பியது. மற்றதைக் கவனித்தபோது, பிடித்த பட்டை அதே இடத்தில் அப்படியே இருந்தும், துடிப்பு வெகுவாக இறங்கிவிட்டது. கண்ணில் விழுந்த ஒளி இரண்டு தடவையும் ஒன்றுதான். மாறியது குரங்கின் மனம் மட்டும்.

மனிதரிலும் இதைப் பார்த்திருக்கிறார்கள். நம் மூளையில் முகங்களுக்கு அதிகம் பதில் சொல்லும் பகுதி ஒன்று, வீடு, தெரு போன்ற இடங்களுக்குப் பதில் சொல்லும் பகுதி இன்னொன்று. 1999-ல் கேத்லீன் ஓ'கிரேவன், பால் டௌனிங், நான்சி கான்விஷர் மூவரும் ஒரு முகத்தையும் ஒரு வீட்டையும் கண்ணாடித் தாள்போல ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் காட்டினார்கள். இரண்டும் ஒரே இடம், எனவே கண்ணை நகர்த்தித் தப்பிக்க வழியில்லை. முகத்தைக் கவனி என்றால் முகப் பகுதி ஓங்கியது, வீட்டைக் கவனி என்றால் இடப் பகுதி ஓங்கியது.

மடையைத் திறக்கும் கை எது என்பதையும் ஓரளவு கண்டுவிட்டார்கள். மூளையின் முன்பகுதியில் கண் அசைவை ஆளும் ஒரு துண்டு இடம் உண்டு. 2003-ல் டிரின் மூர், கேதரின் ஆம்ஸ்ட்ராங் இருவரும் குரங்கின் அந்த இடத்தில் மிக மெல்லிய மின்தூண்டல் கொடுத்தார்கள். கண் அசையக்கூட போதாத அளவு அது. அப்போது பின்னால் உள்ள வி4 அணுக்களின் துடிப்பு கூடியது. முன்மூளையிலிருந்து பின்மூளைக்கு உத்தரவு போகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

கண்ணை அசைக்காமல் கவனத்தை மட்டும் நகர்த்த முடியுமா?

முடியும். நம் வீட்டு அம்மாமார் டிவி பார்த்துக்கொண்டே அடுப்பில் பால் பொங்குவதைப் பிடிப்பது எப்படி? ஜெர்மானிய அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இதைத் தன்மேலேயே சோதித்தார். இருட்டில் ஒரு புள்ளியை உற்றுப் பார்த்துக்கொண்டு, மனத்தை மட்டும் வேறொரு மூலையில் வைத்தார். ஒரு மின்பொறி வெளிச்சம் கண நேரம் வந்து போனது. கண் அசைய நேரமே இல்லை. ஆனாலும் மனம் வைத்திருந்த மூலையில் இருந்த எழுத்துகளை அவரால் படிக்க முடிந்தது.

நம் ஊர் 'ஓரக்கண்' என்ற சொல்லை இதற்கு நான் பயன்படுத்துவதில்லை. ஓரக்கண்ணில் கருவிழி நகர்ந்துவிடும். இங்கே கண் நட்டது நட்டபடி இருக்கிறது, கவனம் மட்டும் நகர்கிறது.

திருப்பத்தில் பைக்காரரை இடித்துவிட்டேன். பார்த்துத்தான் திரும்பினேன், சத்தியமாக பைக் தெரியவில்லை. யாரும் நம்பவில்லை. இப்படி நடக்குமா?

வீரவநல்லூரில் ஒரு வேன் ஓட்டுநர், கூட்டம் கலைந்த பிறகு தனியாக வந்து கேட்டது இது. அண்ணாச்சி, நடக்கும். நான் உங்களை நம்புகிறேன்.

1999-ல் டேனியல் சைமன்ஸ், கிறிஸ்டோபர் சாப்ரிஸ் செய்த சோதனை உலகம் முழுக்கத் தெரிந்தது. வெள்ளைச் சட்டைக்காரர்கள் பந்தை எத்தனை முறை கைமாற்றுகிறார்கள் என்று எண்ணச் சொல்லி ஒரு வீடியோவைக் காட்டினார்கள். நடுவில் கொரில்லா வேஷம் போட்ட ஒருவர் சாவகாசமாக நடந்து வந்து, மார்பில் தட்டிக்கொண்டு போவார். பார்த்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் கொரில்லாவைப் பார்க்கவே இல்லை. பள்ளிகளில் நானும் இதைப் போட்டுக் காட்டுவேன். திரும்பப் போடும்போது பிள்ளைகள் "சார், இது வேற வீடியோ" என்று சண்டைக்கு வருவார்கள்.

படித்த கண்ணுக்கு இப்படி ஆகாது என்று நினைக்க வேண்டாம். 2013-ல் நுரையீரல் ஸ்கேன் படங்களைப் பார்ப்பதில் தேர்ந்த 24 மருத்துவர்களுக்கு, படத்துக்குள் ஒரு கொரில்லா உருவத்தை ஒளித்து வைத்துக் காட்டினார்கள். அவர்கள் தேடிய கட்டியைவிட அது 48 மடங்கு பெரியது. 24 பேரில் 20 பேருக்குத் தெரியவில்லை. அவர்களில் பெரும்பாலோரின் கண்கள் கொரில்லா இருந்த இடத்தின்மேலேயே போய் வந்ததைக் கண் அசைவைப் பதியும் கருவி காட்டியது.

சாலைக்கு வருவோம். தேடுகிற பொருளின் சாயலை மூளை முன்கூட்டியே தயார் செய்து வைத்துக்கொள்கிறது. அந்தச் சாயலுக்கு ஒத்து வருவதற்கே மடை திறக்கும். 2007-ல் ஸ்டீவன் மோஸ்ட், ராபர்ட் ஆஸ்டர் இருவரும் கணினியில் கார் ஓட்டும் சோதனை ஒன்றை நடத்தினார்கள். ஒவ்வொரு சந்திப்பிலும் சிலர் மஞ்சள் அம்புக்குறியைத் தேட வேண்டும், சிலர் நீல அம்புக்குறியைத் தேட வேண்டும். திடீரென்று ஒரு மோட்டார் சைக்கிள் குறுக்கே வந்தது. தேடிக்கொண்டிருந்த நிறத்தில் அது வந்தபோது பெரும்பாலும் தப்பித்தார்கள். வேறு நிறத்தில் வந்தபோது இடித்தவர்கள் அதிகம். லாரியும் பேருந்தும் வருகிறதா என்று மட்டுமே பார்த்துத் திரும்பும் கண்ணுக்கு பைக் அந்த வேறு நிறம் மாதிரிதான்.

எப்போதாவது வருவதை மூளை தேடாமலே விட்டுவிடும் என்பது இன்னொரு சிக்கல். ஜெரமி வுல்ஃப் குழு 2005-ல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு படத்துக்கு ஒன்றில் தேடும் பொருள் இருந்தபோது தவறவிட்டது 7 சதவீதம். நூறு படத்துக்கு ஒன்றில் இருந்தபோது தவறவிட்டது 30 சதவீதம். வாகைக்குளம் விமான நிலையத்தில் பெட்டிகளை ஸ்கேனில் பார்ப்பவரின் வேலை எவ்வளவு கடினம் என்று இதிலிருந்து புரியும். ஆள் நடமாட்டமே இல்லாத கிராமத்துச் சாலையில் திடீரென்று மயில் பறந்து வந்து கண்ணாடியில் அடிப்பதும் இதே கணக்கில்தான் சேரும்.

செல்போனையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். காதில் மாட்டிப் பேசினால் பரவாயில்லை என்று பலர் நினைக்கிறார்கள். டேவிட் ஸ்ட்ரேயர் குழுவினர் 2003-ல் வெளியிட்ட ஆய்வில், ஓட்டும்போது கையில் பிடிக்காத போனில் பேசியவர்களின் கண் சாலையோரப் பலகைமேல் நின்றிருந்தும், பிறகு கேட்டபோது அந்தப் பலகை அவர்களுக்குச் சரியாக நினைவில் இல்லை. கை சும்மா இருந்தது, கவனம்தான் இல்லை.

உங்களை நம்புகிறேன் என்று சொன்னேன். அதற்காகப் பொறுப்பு குறையாது, அண்ணாச்சி. திரும்புமுன் 'பைக் வருதா' என்று மனசுக்குள் கேட்டுவிட்டு இன்னொரு முறை பாருங்கள். எதைத் தேட வேண்டும் என்று மூளைக்குச் சொன்னால்தான் அது தேடும்.

டவுனுக்குப் போனால் அல்வாக்கடை மட்டும் தானாகக் கண்ணில் படுகிறது. பக்கத்துக் கடையின் பெயர்கூட தெரியவில்லை. ஏன்?

முன்பு இனிப்புக் கிடைத்த இடம் என்பதால். பரிசு கிடைத்த பொருளை மூளை குறித்து வைத்துக்கொள்கிறது. குறித்த பிறகு நீங்கள் தேடாவிட்டாலும் அது கண்ணை இழுக்கும்.

பிரையன் ஆண்டர்சன், பேட்ரிக் லாரன்ட், ஸ்டீவன் யாண்டிஸ் 2011-ல் இதை நேர்த்தியாகக் காட்டினார்கள். முதலில் சிவப்பு அல்லது பச்சை வட்டத்தைக் கண்டுபிடித்தால் காசு. ஒரு நிறத்துக்குக் கூடுதல் காசு, மற்றதற்குக் குறைவு. பிறகு விளையாட்டையே மாற்றிவிட்டார்கள். இப்போது நிறம் முக்கியமில்லை, வித்தியாசமான வடிவத்தைத்தான் தேட வேண்டும், நிறத்துக்குக் காசும் கிடையாது. ஆனாலும் முன்பு அதிகக் காசு தந்த நிறம் ஓரத்தில் எட்டிப் பார்த்தால் போதும், ஆட்கள் தடுமாறித் தாமதமானார்கள்.

இந்த ஆசை மூளையில் எவ்வளவு கீழே வரை இறங்குகிறது என்பதற்கு 2006-ல் மார்ஷல் ஷுலர், மார்க் பேர் செய்த எலிச் சோதனையைச் சொல்வேன். எலியின் ஒரு கண்ணில் ஒளி மின்னினால் சற்று நேரத்தில் தண்ணீர் கிடைக்கும். பழகப் பழக, பார்வைப் புறணியின் முதல் நிலையத்தில் உள்ள நரம்பணுக்களே தண்ணீர் வரும் நேரத்தை எதிர்பார்த்துத் துடிக்கத் தொடங்கின. கோடும் வெளிச்சமும் மட்டும் பார்க்கும் இடம் என்று நான் வருஷக்கணக்கில் வகுப்பில் சொல்லிக்கொடுத்த இடம் அது. அங்கேகூட 'இப்போது தண்ணீர் வரும்' என்ற எதிர்பார்ப்பு குடியிருக்கிறது.

பசியும் கூடச் சேரும். ஒரே ஆளுக்குப் பசித்திருக்கும்போது ஒருமுறையும் வயிறு நிறைந்தபின் ஒருமுறையும் சாப்பாட்டுப் படங்களைக் காட்டி ஸ்கேன் எடுத்திருக்கிறார்கள். பசித்தபோது, பொருள்களை அடையாளம் காணும் பார்வைப் பகுதியும் உணர்ச்சிக்குரிய அமிக்டலாவும் அதிகம் கிளர்ந்தன. சுத்தியல் போன்ற கருவிப் படங்களுக்கு அந்த வித்தியாசம் இல்லை.

ஆசைப்பட்டதால் ஒரு பொருள் வேறாகவே தெரியுமா? அல்லது அப்படித் தெரிந்ததாக நாம் சொல்லிக்கொள்கிறோமா?

ஒரு பிளஸ் டூ மாணவி கேட்டது. இதைவிட நல்ல கேள்வியை நான் இதுவரை கேட்டதில்லை, ஏனென்றால் ஆய்வாளர்களே இன்னும் இதில் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

1947-ல் ஜெரோம் புரூனர், செசில் குட்மேன் இருவரும், ஏழைக் குழந்தைகள் நாணயத்தின் அளவை உள்ளதைவிடப் பெரிதாகக் காட்டுகிறார்கள், வசதியான குழந்தைகளைவிட அதிகமாக, என்று எழுதினார்கள். கேட்டால் நெஞ்சைத் தொடும் முடிவு. ஆனால் இரண்டு வருஷம் கழித்து வேறு ஆய்வாளர்கள் செய்தபோது, நாணயம் கண்முன் இருக்கையில் அந்த வித்தியாசம் வரவில்லை, நினைவிலிருந்து சொல்லும்போதுதான் வந்தது. எனவே இதைப் பார்வையின் கதை என்று நான் சொல்வதில்லை.

2006-ல் எமிலி பால்செட்டிஸ், டேவிட் டன்னிங் ஒரு உருவத்தைக் காட்டினார்கள். ஆங்கில எழுத்து 'பி' என்றும் படிக்கலாம், 13 என்ற எண் என்றும் படிக்கலாம். எழுத்து வந்தால் ஆரஞ்சுச் சாறு, எண் வந்தால் வாடை அடிக்கும் காய்கறிக் கூழ் என்று சிலருக்குச் சொன்னார்கள். சிலருக்கு மாற்றிச் சொன்னார்கள். தங்களுக்கு ஆரஞ்சுச் சாறு தருவது எதுவோ அதைத்தான் பெரும்பாலோர் பார்த்தார்கள். 2016-ல் சாஸ் ஃபயர்ஸ்டோன், பிரையன் ஷால் இருவரும் இப்படிப்பட்ட ஆய்வுகள் பலவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, இது பார்வை மாறியதா, பதில் மாறியதா, அல்லது கண் பார்த்த இடம்தான் மாறியதா என்று குடைந்து கேட்டார்கள். அவர்கள் கேட்டது நியாயம்.

அதற்கு ஓரளவு பதில் 2019-ல் வந்தது. ஸ்டான்ஃபோர்டில் யுவான் சாங் லியாங் குழு, முகமும் இடமும் வெவ்வேறு விகிதத்தில் கலந்த படங்களை ஸ்கேனருக்குள் இருந்தவர்களுக்குக் காட்டியது. எது அதிகம் என்று சரியாகச் சொன்னால் காசு. அதோடு, படம் ஒரு வகையாக அமைந்தால் தனியாக ஊக்கத் தொகை. தப்பாகச் சொன்னால் காசு போகும் என்று தெரிந்தும், தங்களுக்கு ஆதாயமான வகையைப் பார்த்ததாகவே அதிகம் சொன்னார்கள். மூளையில் இரண்டும் நடந்தன. பதில் சொல்லும் கட்டத்திலும் சாய்வு இருந்தது, பார்வைப் பகுதியின் செயல்பாடும் ஆசைப்பட்ட வகைப் பக்கம் சாய்ந்திருந்தது.

என் தீர்ப்பு இது. மயக்கமான காட்சியில், அந்தி வெளிச்சத்தில், தூரத்தில் வருகிறவரில், ஆசை பார்வையைச் சாய்க்கிறது. தெளிவான காட்சியில் அதன் பலம் மிகக் குறைவு. இரவு பத்து மணிக்கு ஜங்ஷனில் நின்று பேருந்துக்குக் காத்திருப்பவருக்குத் தூரத்து லாரியின் விளக்கு தன் ஊர்ப் பேருந்தாகத் தெரியும். பக்கத்தில் வந்த பிறகு யாருக்கும் லாரி பேருந்தாகத் தெரியாது.

பத்தமடையில் பாய் நெய்யும் என் மதினி, ஒரு கோரை தடித்திருந்தாலும் தூரத்திலிருந்தே சொல்லிவிடுவாள். எனக்குக் கிட்டத்தில் பார்த்தாலும் தெரியவில்லை. அவள் கண் கூர்மையா?

கண் மருத்துவரிடம் போய் எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னால் இருவரும் ஒரே வரியில் நிற்கலாம். வித்தியாசம் பின்னால் இருக்கிறது. ஆயிரக்கணக்கான மணி நேரம் கோரையின் பருமனையும் நிறத்தையும் கவனித்துக் கவனித்து, அந்தச் சின்ன வேறுபாட்டைப் பிரித்தறியும்படி மூளையின் பார்வைப் பகுதிகள் பழகிவிட்டன. பறவைகள் சரணாலயம் உள்ள கூந்தன்குளத்துக்காரர்கள் பறக்கிற நிழலை வைத்தே அது மஞ்சள் மூக்கு நாரை என்று சொல்வதும் இதுதான்.

வெறுமனே கண்முன் இருந்தால் மட்டும் இது வராது. மெராவ் அஹிஸார், ஷால் ஹோக்ஸ்டைன் 1993-ல் காட்டினார்கள்: ஒரே படத்தை வைத்து ஒரு வேலையில் ஆயிரம் தடவை பயிற்சி பெற்றவர்கள், அதே படத்தில் தாங்கள் கவனிக்காத இன்னொரு அம்சத்தில் தேறவில்லை. நீங்களும் அதே வீட்டில் அதே பாய்களைத்தான் பார்த்து வந்திருக்கிறீர்கள். கவனித்தது உங்கள் மதினி.

பரிசு கொடுத்தால் பிள்ளை நன்றாகக் கவனிப்பானா? பிரம்பு எடுத்தால்?

பரிசு, அளவோடு இருந்தால், உதவும். காசு கிடைக்கும் என்ற நிலையில் ஆட்கள் மங்கலான காட்சியையும் துல்லியமாகக் கண்டுபிடிப்பதை லூயிஸ் பெசோவாவும் யான் எங்கெல்மனும் 2007-ல் காட்டியிருக்கிறார்கள். பயம் வேறு மாதிரி. பதற்றம் கூடக் கூடக் கவனத்தின் வட்டம் சுருங்கிவிடும். நடுவில் இருப்பது மட்டும் தெரியும், ஓரத்தில் இருப்பது விடுபடும். பிரம்பைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்குக் கரும்பலகை அந்த ஓரத்தில்தான் இருக்கிறது. "கண்ணு எங்கல இருக்கு?" என்று நானே எத்தனையோ பிள்ளைகளைக் கத்தியிருக்கிறேன். அவர்களில் சிலருக்கு உண்மையிலேயே கிட்டப்பார்வை இருந்திருக்கும். அதை நினைத்து இன்றும் வருந்துகிறேன். எனவே பிள்ளை கவனிக்கவில்லை என்று தோன்றினால் முதலில் கண் பரிசோதனை செய்துவிடுங்கள்.

பக்கவாதம் வந்த எங்கள் மாமா, இலையில் இடப்பக்கம் வைப்பதைத் தொடுவதே இல்லை. வேண்டுமென்றே செய்கிறார் என்று அத்தைக்குக் கோபம். அவருக்குக் கண்ணில் கோளாறா?

அம்மா, அவர் வேண்டுமென்றே செய்யவில்லை. அத்தையிடம் இன்றைக்கே சொல்லுங்கள்.

என் அப்பாவுக்கு மூளையின் வலப்பாதியில் பக்கவாதம் வந்தது. இடக்கையும் இடக்காலும் விழுந்துவிட்டன. வலக்கையால் சாப்பிடத் தொடங்கிய முதல் வாரம், நம் வழக்கப்படி நுனி இடப்பக்கம் வர இலை போட்டு அம்மா பரிமாறினாள். அப்பா வலப்பக்கச் சோற்றைச் சரியாகப் பாதிவரை சாப்பிட்டுவிட்டு, கோடு கிழித்ததுபோல நிறுத்திவிட்டார். "சோறு போதலையே, உப்பு வைக்க மாட்டியா?" என்று கோபித்துக்கொண்டார். உப்பும் ஊறுகாயும் அவியலும் இடப்பக்கம் அப்படியே இருந்தன. அம்மா உள்ளே போய் அழுதாள். சவரம் செய்தாலும் வலக் கன்னம்தான். இடப்பக்கம் நின்று நான் கூப்பிட்டால் வலப்பக்கம் தேடுவார்.

இதற்குப் புறக்கணிப்பு என்று பெயர். பெரும்பாலும் மூளையின் வலப்பாதியில், கவனத்தைப் பங்கிடும் பகுதிகள் அடிபடும்போது வருகிறது. கண்ணும் பார்வை நரம்பும் நன்றாகவே இருக்கலாம். பாதிப் பார்வை போய்விடும் நோய் வேறு. அவர்களுக்கு ஒரு பக்கம் தெரியவில்லை என்பது தெரியும், தலையைத் திருப்பிப் பார்த்துக்கொள்வார்கள். புறக்கணிப்பு வந்தவருக்கு இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதே மனத்தில் வராது. பிறகு எப்படித் திரும்பிப் பார்ப்பார்?

1978-ல் இத்தாலியின் மிலான் நகரில் எடோர்டோ பிசியாக், கிளாடியோ லுசாட்டி இருவரும் இரண்டு நோயாளிகளிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். ஊர் நடுவில் உள்ள தேவாலயச் சதுக்கத்தில் தேவாலயத்தைப் பார்த்து நிற்பதாக நினைத்து, சுற்றியுள்ள கட்டடங்களைச் சொல்லுங்கள் என்றார்கள். வலப்பக்கம் உள்ளவை மட்டும் வந்தன. இப்போது தேவாலய வாசலில் நின்று எதிர்ப்பக்கம் பார்ப்பதாக நினையுங்கள் என்றதும், சற்றுமுன் விட்டவை எல்லாம் வந்தன, முன்பு சொன்னவை விடுபட்டன. கண்ணை மூடிய நினைவிலும் பாதிதான் கிடைக்கிறது. அப்பாவை நெல்லையப்பர் கோயில் வாசலில் நிற்பதாக நினைக்கச் சொல்லிக் கடைகளைக் கேட்கலாம் என்று எனக்கும் தோன்றியது. மனசு வரவில்லை, கேட்கவில்லை.

ஆனால் பார்க்கப்படாத பாதி முழுக்க வீணாகப் போவதில்லை. ஜான் மார்ஷலும் பீட்டர் ஹாலிகனும் 1988-ல் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார்கள். அவரிடம் ஒரே மாதிரியான இரண்டு வீட்டுப் படங்களைக் காட்டினார்கள். ஒன்றின் இடப்பக்கம் தீப்பிடித்து எரிகிறது. இரண்டும் ஒன்றுதான் என்றார் அவர். எதில் குடியிருப்பீர்கள் என்று கேட்டபோது, பெரும்பாலும் எரியாத வீட்டையே காட்டினார். செய்தி உள்ளே போகிறது, விழிப்புக்கு வந்து சேரவில்லை.

அப்படிப்பட்டவருக்கு வீட்டில் என்ன செய்யலாம்?

மருத்துவரும் இயன்முறை சிகிச்சையாளரும் சொல்வதுதான் முதலில். பலருக்குச் சில வாரங்களில், மாதங்களில் நல்ல முன்னேற்றம் வருகிறது. இலையின், புத்தகத்தின் இட ஓரத்தில் பளிச்சென்ற நிறத்தில் ஒரு பட்டை வைத்து, அது தெரியும்வரை பார்வையை இடப்பக்கம் கொண்டுபோகப் பழக்குவார்கள். இடப்பக்கம் உட்கார்ந்து மென்மையாகப் பேசுவது நல்லது. இடப்பக்கம் வாசற்படியோ அடுப்போ இருந்தால் தனியே விடாதீர்கள். யாருக்காவது திடீரென்று முகம் கோணினால், கை விழுந்தால், பேச்சு குழறினால் அரை நிமிஷமும் யோசிக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். அடைப்பைக் கரைக்கும் மருந்தை முதல் நாலரை மணி நேரத்துக்குள்தான் பொதுவாகக் கொடுக்க முடியும்.

ஆசைக்கும் இங்கே இடம் உண்டு. 2009-ல் டேவிட் சோட்டோ குழு, புறக்கணிப்பு வந்த மூன்று பேருக்கு அவர்களுக்குப் பிடித்த இசையைப் போட்டுச் சோதித்தது. பிடிக்காத இசையோ அமைதியோ இருந்தபோது தெரியாமல் போன இடப்பக்கப் பொருள்கள், பிடித்த இசை ஓடும்போது கூடுதலாகத் தெரிந்தன. மூன்றே பேர் என்பதால் இதை வைத்தியம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இதைப் படித்த மறுநாளே அப்பா கட்டிலின் இடப்பக்கம் ஒரு ஸ்டூல் போட்டு, காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரத்தை வைத்தேன். சின்ன வயதில் கோயில் கொடைகளில் அவர் வாசிப்பைக் கேட்க மைல்கணக்கில் நடந்தவர் அப்பா.

அம்மா வேறொரு வழி கண்டுபிடித்தாள். அப்பா பாதியில் நிறுத்தியதும் எழுந்து வந்து இலையை அப்படியே அரைச் சுற்றுத் திருப்பி வைப்பாள். நுனி வலப்பக்கம் போகும். நம் பக்கத்தில் யாரும் அப்படி இலை போட மாட்டார்கள். "ஏ, இவ்வளவு சோறு இருக்கே" என்று அப்பா மீதியைச் சாப்பிடுவார். நான்காவது மாதம் ஒருநாள் அவள் திருப்ப வரும் முன்பே, அவர் கை மெதுவாக இடப்பக்கம் போய் உப்பைத் தொட்டது.